மாடித் தோட்டத்துக்கு வாரிசு யார்?

கோடம்பாக்கத்தில், புலியூர் பாரத்வாஜேஸ்வரர் கோயிலுக்கு நடந்தே சென்றுவிடக்கூடிய தொலைவில், பழைய வீடு ஒன்று இருக்கிறது. கீழ்த்தளத்தில் ஒரு குடித்தனம். மேல்தளத்தில் வீட்டுக்குரிய முதிய தம்பதி. அதற்கும் மேலே மொட்டை மாடி. அந்த மாடியில் 42 தொட்டிகள். நந்தியாவட்டை, செம்பருத்தி, மஞ்சள் அரளி, மரிக்கொழுந்து, துளசி ஆகியவற்றோடு, ஒரு பெரிய பீப்பாயில் வில்வமும் இன்னொன்றில் பவழமல்லியும் வளர்கின்றன. எல்லாம் அந்த வீட்டு அம்மையாரின் 30 ஆண்டு உழைப்பு.

விடியற்காலையில் நீராடி, நெற்றியில் திருநீறு துலங்க, அவர் மாடிப்படி ஏறுவார். பூப்பறித்துக் குடலையில் நிரப்பி, காலைப் பூசைக்குள் கோயிலில் சேர்ப்பித்துவிட்டுத்தான் காபியைக் கையில் எடுப்பார். மழையோ காய்ச்சலோ, இந்த நியமம் தவறியதில்லை.

அவரிடம் இன்னொரு நியமமும் இருந்தது. அந்தத் தோட்டத்தில் வேறு எவரும் கை வைக்கக் கூடாது. தெற்கு ரயில்வேயின் கணக்குப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற அவருடைய கணவர், எப்போதாவது உதவியாகத் தண்ணீர் ஊற்றப் போனால், “வேருக்கு ஊற்றாமல் இலைக்கு ஊற்றுகிறீர்களே” என்று குவளையை வாங்கிக்கொள்வார். கீழ்வீட்டுக் குழந்தைகள் மாடிக்கு வந்துவிடக் கூடாது என்று கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார். “சுவாமிக்குப் போகிற பூ. சுத்தமாக இருக்க வேண்டாமா? என்னால் முடிகிறவரையில் என் கையாலேயே செய்கிறேன்” என்பது அவர் வாதம்.

முடியாத நாளும் வந்தது. எழுபது வயதைக் கடந்த முழங்கால்கள் மாடிப்படியில் முரண்டு பிடித்தன. தவிர்க்க முடியாத போதன்றிப் படி ஏறக் கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஒரு வாரம் யோசித்த அம்மையார், தொட்டிகளை எல்லாம் யாருக்காவது கொடுத்துவிடுவது என்ற முடிவுக்கு வந்தார். “என்னோடு ஆரம்பித்தது, என்னோடு முடியட்டும்” என்று சொன்னபோது அவர் குரலில் வருத்தத்தைவிடப் பிடிவாதமே மிகுந்திருந்தது. கணவர் மறுத்துப் பேசவில்லை.

அந்தச் சமயத்தில்தான் நியூஜெர்சியில் இருக்கும் மகன், குழந்தைகளுக்குக் கோடை விடுமுறை என்பதால் மூன்று மாதம் வந்து தங்கும்படி அழைத்தார். தொட்டிகளைத் திரும்பி வந்த பிறகு கொடுத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. அதுவரை தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டுமே! வேறு வழியின்றி, சாவியைக் கீழ்வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு, எந்தச் செடிக்கு எத்தனை குவளை என்று ஒரு தாளில் எழுதியும் வைத்துவிட்டுப் புறப்பட்டார் அம்மையார்.

அமெரிக்கா போனதும் முதல் வாரத்திலேயே, நியூயார்க் நகரின் பிளஷிங் பகுதியில் உள்ள மகா வல்லப கணபதி கோயிலுக்கு மகன் அழைத்துச் சென்றார். 1977ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள் குடமுழுக்குக் கண்ட கோயில் அது. பிள்ளையாரின் திருமேனியில் இருந்த மாலையைப் பார்த்ததுமே, ‘நம் வீட்டு நந்தியாவட்டைக்கு இன்று தண்ணீர் ஊற்றினார்களோ, இல்லையோ’ என்ற நினைப்புத்தான் அம்மையாருக்கு வந்தது.

அடுத்த சனிக்கிழமை, “இன்றைக்கு ஒரு தோட்டம் பார்க்கப் போகிறோம், அது மாடியில் இருக்கிறது” என்றார் மகன். பதினொரு வயதுப் பேரனும் எட்டு வயதுப் பேத்தியும் முன்னால் ஓடினர். மாடி என்றதும் அம்மையார் தயங்கினார். மின்தூக்கி இருக்கிறது என்று மகன் தைரியம் சொன்னார்.

நியூயார்க்கின் மன்ஹாட்டன் தீவில் மேற்குப் பக்கமாக அமைந்திருக்கும் ‘ஹை லைன்’ என்ற பூங்கா அது. தரையிலிருந்து ஏறத்தாழ 30 அடி உயரத்தில், இரும்புத் தூண்களின் மேல், தெருக்களையும் கட்டடங்களையும் ஊடுருவிக்கொண்டு 2.33 கிலோமீட்டர் நீளத்துக்குச் செல்கிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது. 30ஆவது தெருவில் மின்தூக்கியில் ஏறி மேலே வந்து நின்றதும், ஓய்வு பெற்ற ரயில்வேக்காரரின் கண்கள் செடிகளைப் பார்க்கவில்லை. செடிகளுக்கு இடையே கிடந்த தண்டவாளங்களைத்தான் பார்த்தன.

ஆம், அது ஒரு காலத்தில் ரயில் பாதை. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து அந்தப் பகுதியில் சரக்கு ரயில்கள் பத்தாவது அவென்யூ என்னும் சாலையின் நடுவிலேயே ஓடின. வண்டிகளும் மனிதர்களும் ரயிலில் அடிபடுவது அடிக்கடி நிகழ்ந்ததால், மக்கள் அந்தச் சாலைக்கு ‘மரணச் சாலை’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ரயிலுக்கு முன்னால் குதிரையில் ஏறி, கொடியை அசைத்து எச்சரிக்கை செய்துகொண்டு போவதற்கென்றே ஆட்களை அமர்த்தியிருந்தார்கள். கடைசியில் ரயிலையே தூக்கி மேலே வைப்பது என்று முடிவு செய்து, 1934ஆம் ஆண்டில் இந்த உயரப் பாதையைத் திறந்தார்கள். தொழிற்சாலைகளின் மேல்தளத்துக்குள்ளேயே ரயில் நுழைந்து இறைச்சி, பால், தானியம் ஆகிய சரக்குகளை இறக்கிச் சென்றது.

“நம் கோடம்பாக்கம் ரயில்வே கேட் நினைவிருக்கிறதா?” என்று மனைவியிடம் கேட்டார் பெரியவர். மேம்பாலம் வருவதற்கு முந்தைய நாளில், கேட் மூடினால் ஸ்டுடியோவுக்குப் போகும் நடிகர்களின் கார்கள் வரிசையில் நிற்கும். அவர்களைப் பார்ப்பதற்காகவே அங்கே கூட்டம் காத்திருக்கும். “அங்கே ரயிலுக்கு மேலே சாலையைத் தூக்கினார்கள், இங்கே சாலைக்கு மேலே ரயிலைத் தூக்கியிருக்கிறார்கள்” என்று பேரனுக்கு விளக்கினார். பேரனுக்கு நடிகர்களைப் பற்றி அக்கறையில்லை. குதிரைக்காரரைப் பற்றித்தான் மேலும் கேட்டான்.

பிற்காலத்தில் சரக்கு லாரிகள் பெருகின. ரயிலுக்கு வேலை குறைந்தது. 1980ஆம் ஆண்டு கடைசி ரயில் ஓடியது. அதற்குப் பிறகு அந்தப் பாதையைக் கவனிக்க எவரும் இல்லை. காற்றிலும் பறவைகளாலும் வந்து விழுந்த விதைகள் சரளைக் கற்களுக்கு நடுவே முளைத்தன. புல்லும் காட்டுப் பூக்களும் மண்டின. பாதையின் கீழே நிலம் வைத்திருந்தவர்கள் இதை இடித்துத் தள்ள வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். 1999ஆம் ஆண்டு, அக்கம்பக்கத்தில் குடியிருந்த ஜோஷ்வா டேவிட், ராபர்ட் ஹாமண்ட் என்னும் இருவர் அந்தப் பகுதியின் குடியிருப்போர் கூட்டம் ஒன்றில் சந்தித்தனர். அதற்கு முன் ஒருவரையொருவர் அறியாதவர்கள் அவர்கள். பாதையைக் காப்பாற்ற நண்பர்கள் குழு ஒன்றைத் தொடங்கினார்கள். பத்து ஆண்டு முயற்சிக்குப் பின், 2009ஆம் ஆண்டு பூங்காவின் முதல் பகுதி திறக்கப்பட்டது. 2011இலும் 2014இலும் அடுத்தடுத்த பகுதிகள் சேர்ந்தன. இன்றும் பூங்காவைப் பராமரிக்கும் செலவின் பெரும்பங்கு அந்தக் குழு திரட்டும் நன்கொடையிலிருந்தே வருகிறது. தோட்ட வேலையில் தொண்டர்களும் பங்கு கொள்கிறார்கள்.

குழந்தைகளுக்கு இந்த வரலாறு எதுவும் தேவைப்படவில்லை. ஓரிடத்தில் தளத்தைப் பெயர்த்து, பாதையைத் தாங்கும் இரும்பு உத்திரங்களை வெளியே தெரியும்படி வைத்து, அடிபடாமலிருக்க அவற்றின்மேல் மெத்தென்ற உறையும் போட்டிருந்தார்கள். இருவரும் அதில் ஏறியும் இறங்கியும் தவழ்ந்தும் அரைமணி நேரம் விளையாடினர்.

பிறகு மெதுவாகத் தெற்கு நோக்கி நடந்தார்கள். இறகுபோல் அசையும் புற்கள், சூரியகாந்தி இனத்தைச் சேர்ந்த ஊதா நிறப் பூக்கள், அவற்றின்மேல் தேனீக்கள். பாதையோரமாகப் பூத்திருந்த ஒரு பூவைக் கண்டதும் அம்மையாரின் கை தானாக நீண்டது. “பாட்டி! பறிக்கக் கூடாது!” என்று பேத்தி கையைப் பிடித்துக்கொண்டாள். “சுவாமிக்குத்தானே அம்மா” என்று பாட்டி சொன்னதைக் கேட்டு மகனும் மருமகளும் சிரித்துவிட்டார்கள்.

அருகில், தொண்டர் அடையாள அட்டை அணிந்த, தலை முழுதும் நரைத்த ஒரு பெண்மணி நின்று பார்வையாளர்களுக்குச் செடிகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். மகன் மொழிபெயர்க்க, அம்மையார் முதலில் கேட்ட கேள்வி, “மண் எத்தனை ஆழம்?” என்பது. ஏறத்தாழ ஒன்றரை அடி என்று பதில் வந்தது. அம்மையார் வியந்துபோனார். அவருடைய பீப்பாயில்கூட அதைவிட அதிகமாக மண் உண்டே! அந்த மண்ணில் இங்கே மரங்களே வளர்ந்து நிற்கின்றன.

நெதர்லாந்தைச் சேர்ந்த பீட் அவுடால்ஃப் என்ற தோட்டக் கலைஞர், முன்பு தாமாக முளைத்திருந்த காட்டுச் செடிகளின் தன்மை மாறாதபடி இதை வடிவமைத்தார் என்றும், குளிர்காலத்தில் செடிகள் காய்ந்துபோனாலும் வெட்டுவதில்லை என்றும் அந்தப் பெண்மணி விளக்கினார். காய்ந்த தலைகளில் இருக்கும் விதைகள் பறவைகளுக்கு உணவு. மார்ச் மாதம் வந்ததும், பணியாளர்களும் தொண்டர்களும் சேர்ந்து பாதை முழுவதும் பழைய தண்டுகளைக் கையாலேயே வெட்டி எடுப்பார்கள். அப்போதுதான் அடியிலிருந்து புதுத்தளிர் எழும்பும்.

“நீங்களும் வெட்டுவீர்களா?” என்று பேரன் கேட்டான். “முன்பெல்லாம் வெட்டினேன். இப்போது குனிய முடிவதில்லை. அதனால் இளையவர்களுக்குச் செடிகளை அடையாளம் காட்டுகிறேன்” என்று சொல்லித் தன் முழங்காலைத் தட்டிக் காட்டினார் அந்தப் பெண்மணி. இதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. அம்மையாரும் தம் முழங்காலைத் தட்டிக் காட்டினார்.

17ஆவது தெருவுக்கு அருகே படிப்படியாக மர இருக்கைகள் அமைத்திருக்கிறார்கள். எதிரே பெரிய கண்ணாடிச் சாளரம். அதன் வழியே, ஒரு காலத்தில் மரணச் சாலையாக இருந்த பத்தாவது அவென்யூவில் கார்கள் காலுக்குக் கீழே ஓடுவதைப் பார்க்கலாம். அங்கே அமர்ந்து, கொண்டுவந்த எலுமிச்சைச் சாதத்தைச் சாப்பிட்டார்கள். “பாட்டி, ஒரு கதை” என்றாள் பேத்தி. உயரத்தில் இருக்கும் தோட்டம் என்றதும் பாட்டிக்கு அனந்தாழ்வான் நினைவுக்கு வந்தார்.

திருவரங்கத்தில் ஒருநாள் இராமாநுசர் சீடர்களுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தபோது, திருமலைக்குப் போய் நந்தவனம் அமைத்து வேங்கடவனுக்குப் பூத்தொண்டு செய்ய யார் இருக்கிறீர்கள் என்று கேட்டார். அந்த நாளில் திருமலை கடுங்குளிரும் காடுமாக இருந்தது. எல்லாரும் தயங்கியபோது அனந்தாழ்வான் எழுந்து நின்றார். கருவுற்றிருந்த மனைவியுடன் மலையேறி, நந்தவனம் அமைத்து, அதற்குத் தம் ஆசாரியரின் பெயரையே சூட்டினார். நந்தவனத்துக்கு நீர் வேண்டுமென்று குளம் வெட்டத் தொடங்கினார். அவர் கடப்பாரையால் வெட்ட, மனைவி மண்ணைக் கூடையில் சுமந்துபோய்க் கொட்டினார்.

ஒரு சிறுவன் வந்து, “நானும் சுமக்கட்டுமா?” என்று கேட்டான். “வேண்டாம், இது எங்கள் கைங்கரியம்” என்று மறுத்துவிட்டார் அனந்தாழ்வான். சிறுவன் விடவில்லை. அவர் பார்வைக்கு அப்பால் அந்த அம்மையாரிடம் கூடையை வாங்கிச் சென்று கொட்டிவிட்டு வந்தான். மனைவி வழக்கத்தைவிட விரைவில் திரும்பி வருவதைக் கண்டு ஐயுற்ற அனந்தாழ்வான், உண்மை தெரிந்ததும் சினம் பொங்கிக் கையிலிருந்த கடப்பாரையை வீசினார். அது சிறுவனின் மோவாயில் பட்டது. அவன் ஓடிப்போய்க் கோயிலுக்குள் மறைந்துவிட்டான். பின்னர் சந்நிதியில் பார்த்தால், வேங்கடவனின் திருமோவாயில் குருதி வழிந்துகொண்டிருந்தது. அனந்தாழ்வான் பதறிப்போய்ப் பச்சைக் கற்பூரத்தை வைத்து அழுத்தினார். பெருமாளின் மோவாயில் இன்றும் பச்சைக் கற்பூரம் சாத்துவதற்கும், திருமலைக் கோயில் வாயிலில் அந்தக் கடப்பாரை காட்சிக்கு இருப்பதற்கும் காரணம் இதுவே என்பது பெரியோர் வழிவழியாகச் சொல்லும் வரலாறு.

கதையைக் கேட்ட பேரன், கடப்பாரை எத்தனை கிலோ இருக்கும் என்று கேட்டான். பேத்தி சற்று நேரம் யோசித்தாள். “அந்தப் பையனை ஹெல்ப் பண்ண விட்டிருந்தால் சுவாமிக்கு அடியே பட்டிருக்காது, இல்லையா பாட்டி? ஏன் விடவில்லை?”

எத்தனையோ முறை சொன்ன கதை. எத்தனையோ முறை கேட்ட கதை. ஆனால் இந்தக் கேள்வியை அம்மையாரிடம் எவரும் கேட்டதில்லை. பக்தியின் மிகுதி என்று சொல்லலாம். புண்ணியம் பிறருக்குப் போய்விடக் கூடாது என்ற ஆர்வம் என்றும் சொல்லலாம். பாட்டி எதையும் சொல்லவில்லை. “தெரியவில்லையே அம்மா” என்றார் கடைசியில்.

இன்னும் சற்றுத் தள்ளி, 14ஆவது தெருவை நெருங்கும் இடத்தில், நடைபாதையின்மேல் தண்ணீரை மெல்லிய படலமாக ஓடவிட்டிருக்கிறார்கள். குழந்தைகள் செருப்பைக் கழற்றிவிட்டு அதில் நடந்தனர். கோயில் வாசலில் கால் கழுவிக்கொள்ளும் இடம்போல இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே அம்மையாரும் இறங்கினார். தம் கைப்பையை ஒருபோதும் பிறரிடம் கொடுக்காதவர், அதைப் பேத்தியிடம் நீட்டி, “கொஞ்சம் பிடித்துக்கொள்” என்றார். கணவர் அதைக் கவனித்தார்.

திரும்பும்போது பெரியவர் பேச்சைத் தொடங்கினார். “சென்னையில் மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து தியாகராய நகர் பஸ் நிலையம்வரை 2023இல் ஆகாய நடைபாதை கட்டினார்களே, அது 570 மீட்டர். இது அதைப்போல நான்கு மடங்கு” என்று முதலில் கணக்குச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “எனக்கு வேலை கிடைத்த புதிதிலேயே வருங்கால வைப்பு நிதிக்கு வாரிசு யார் என்று எழுதித் தரச் சொன்னார்கள். இருபது வயதுப் பையனுக்கே அப்படி. உன் தோட்டத்துக்கு நீ யாரை எழுதி வைத்திருக்கிறாய்?” என்று கேட்டார். அம்மையார் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

புரட்டாசி பிறக்கும் சமயத்தில் கோடம்பாக்கம் திரும்பினார்கள். வந்த மறுநாள், கணவரின் தோளைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறி மாடிக்குப் போனார் அம்மையார். 42 தொட்டிகளில் நான்கு பட்டுப்போயிருந்தன. வில்வத்தின் ஒரு கிளை முறிந்து தொங்கியது. மற்றவை எல்லாம் பச்சையாக நின்றன. நந்தியாவட்டை வெள்ளை வெளேரென்று பூத்திருந்தது.

கீழ்வீட்டுக்காரரின் பெண், ஐந்தாம் வகுப்புப் படிப்பவள், ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். எந்த நாள் எந்தச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினாள், எத்தனை பூ பூத்தது என்று கோணல்மாணலான எழுத்தில் பதிவு செய்திருந்தாள். பிரதோஷ நாளிலும் வெள்ளிக்கிழமையிலும் குளித்துவிட்டுப் பூப்பறித்துக் கோயிலில் கொடுத்தாளாம். “வில்வக் கிளையைத் தம்பி ஒடித்துவிட்டான் பாட்டி. பந்து பட்டுவிட்டது” என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

முறிந்த கிளையைத் தடவியபடி நின்றார் அம்மையார். 30 ஆண்டில் ஒரு கிளைகூட முறிந்ததில்லை. சட்டென்று ஏதேனும் சொல்லிவிடுவாரோ என்று கணவர் அஞ்சினார். ஆனால் அவர், “முறிந்த இடத்தில் மஞ்சள் குழைத்துத் தடவ வேண்டும். எப்படி என்று சொல்கிறேன், நீ தடவு” என்றார். சாவியைத் திருப்பிக் கேட்கவில்லை.

இப்போது விடியற்காலையில் மாடிக்கு ஏறுவது அந்தப் பெண்தான்; சில நாள் அவளுடைய தம்பியும். குடலை கீழே வந்ததும் அம்மையார் நாற்காலியில் அமர்ந்து பூக்களைத் தெரிந்தெடுக்கிறார். முதல் வாரம் மொட்டும் பூவும் எறும்பும் சருகுமாக வந்தன. மனம் சுருங்கியதென்றாலும் வாய் திறவாமல் பிரித்து வைத்தார். அடுத்த வாரம், மொட்டை விட்டுவைத்தால் நாளைக்குப் பூவாகும் என்று சொல்லிக் கொடுத்தார். தோட்டத்தைக் கண்ணால் காணாமலே இருக்க வேண்டிய நாட்கள் அவருக்குக் கடினமாகத்தான் இருக்கின்றன. அந்த நாட்களில் பெண்ணின் நோட்டுப் புத்தகத்தை வாங்கிப் படித்துக்கொள்கிறார்.

பட்டுப்போன தொட்டி ஒன்றில் புதிதாக ஒரு துளசிக் கன்று வைத்திருக்கிறார்கள். அது நியூஜெர்சிப் பேத்தியின் பெயரில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் காணொளியில் அழைத்ததும் அவள் முதலில் கேட்பது, “என் செடி எப்படி இருக்கிறது?” என்பதைத்தான். அடுத்த கோடையில் வந்து தானே தண்ணீர் ஊற்றுவதாகச் சொல்லியிருக்கிறாள்.

பூத்தொடுப்பது, கோலமிடுவது, விளக்குத் துலக்குவது, திருப்பதிகம் ஓதுவது என்று ஒவ்வொரு முதியவரின் கையிலும் ஒரு தொண்டு இருக்கிறது. குழந்தை செய்தால் கோணலாகும், கொட்டும், உடையும். கூடையைச் சுமக்கட்டுமா என்று கேட்டு வரும் சிறுவன் யாரென்று அனந்தாழ்வானுக்கே தெரியவில்லை. நம் வீட்டு வாசலில் அப்படிக் கேட்டு நிற்கும் குழந்தைக்குக் கூடையின் ஒரு பக்கத்தையாவது பிடிக்கக் கொடுத்துவிடுவது நல்லது.